மண் போன கொல்லைக்குக் கரி

என் அம்மாவின் கருமாதி முடிந்து, பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து நானும் கணவரும் ஊர் திரும்பியபோது எங்கள் புன்செய்க் கொல்லையில் மண் இல்லை. இடம் இருந்தது. வரப்புகூட மூன்று பக்கம் இருந்தது. நடுவில் இடுப்பளவு ஆழத்துக்கு வெட்டி எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

மீன்சுருட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வரும்போதே வழியெல்லாம் சிவப்பாகச் சிந்திக் கிடந்தது. லாரி போன தடம் என்று நினைத்தேனே தவிர, அது எங்கள் மண் என்று தோன்றவில்லை. கணவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கையிலிருந்த பையை என்னிடம் கொடுத்துவிட்டு வேகமாக முன்னே போனார். நான் போய்ச் சேர்ந்தபோது பள்ளத்தின் விளிம்பில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

எங்கள் கொல்லையின் நடுவில் ஒரு மேடு உண்டு. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து பாய்ச்சும் தண்ணீர் அந்த மேட்டைத் தாண்டிப் போகாது. மண் எடுக்கும் ஆட்கள் வந்து, "மேட்ட வெட்டிச் சமப்படுத்தித் தர்றோம், வெட்டுற மண்ண மட்டும் நாங்க எடுத்துக்கறோம்" என்று சொன்னபோது அது நல்ல யோசனையாகத்தான் இருந்தது. கணவர் மேட்டைச் சுற்றிக் குச்சி நட்டு அடையாளம் காட்டிக்கொடுத்தார். மறுநாளே அம்மா இறந்த செய்தி வந்தது. நாங்கள் கிளம்பினோம். குச்சி நட்ட இடம் மட்டுமில்லை, மொத்தக் கொல்லையும் போயிருந்தது. செம்மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை அன்றுதான் பார்த்தேன். வெளிறிய சரளையும் களியும் கலந்து இறுகிக் கிடந்தது. காலால் உதைத்தால் கால்தான் வலித்தது.

மண் எடுத்த ஆட்களுக்குப் போன் செய்தால் எடுக்க ஆளில்லை. தாலுகா ஆபீசில் மனு கொடுத்தோம். வந்து பார்த்தவர், "நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க" என்றார். சொன்னது கொஞ்சம், எடுத்தது மொத்தம் என்பதற்குச் சாட்சி அந்தக் குச்சிகள்தான். அவையும் மண்ணோடு போய்விட்டன.

இதில் எங்கள் கொல்லை மட்டும் போகவில்லை. கிழக்கே அடுத்தது என் ஓரகத்தியின் கொல்லை. கணவரின் அண்ணன் மனைவி. அண்ணன் இறந்த பிறகு மாடுகளை வைத்துக்கொண்டு தனியாகக் காலம் தள்ளுகிறவர். இயந்திரம் அவர் வரப்பின் அடிவரைக்கும் வந்து வெட்டியிருந்தது. கரையோரம் நின்ற அவருடைய முந்திரி மரம் இரண்டும் முதல் மழையில் வேரோடு சாய்ந்து எங்கள் பள்ளத்தில் விழுந்தன. நன்றாகக் காய்க்கிற மரங்கள். அன்று வரப்பில் நின்று அவர் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. அதன்பிறகு எங்களோடு பேச்சை விட்டுவிட்டார்.

அந்த ஆடியில் நிலக்கடலை போட்டோம். போடாமல் எப்படி இருப்பது? மழை பெய்து வெயில் காய்ந்ததும் மேல்பரப்பு சிமெண்ட் பூசியது போல இறுகிவிட்டது. முளை வெளியே வர முடியவில்லை. கணவர் குச்சியால் ஒவ்வொரு குழியாகக் குத்தி உடைத்துவிட்டார். வந்த செடிகளும் விரற்கடை உயரத்தில் நின்றன. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் கீழே இறங்க முடியாமல், மடக்கிய கம்பி மாதிரி பக்கவாட்டில் திரும்பி இருந்தது. அதைக் கணவரிடம் காட்டவில்லை. ஆனால் அவரும் பிடுங்கிப் பார்த்திருக்கிறார்.

கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்தார். பிறகு சாப்பாட்டை. தஞ்சாவூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்த எங்கள் மகள் போன் செய்தால், "அம்மாகிட்ட பேசு" என்று என்னிடம் கொடுத்துவிடுவார். காலையில் பள்ளத்தின் விளிம்பில் போய் உட்கார்ந்தால் நான் கூப்பிடும்வரை உட்கார்ந்திருப்பார்.

ஒரு மத்தியானம் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். விளிம்பில் ஆள் இல்லை. மோட்டார் கொட்டகையில் இருந்தார். தரையில் உட்கார்ந்து, இரண்டு கால்களுக்கும் நடுவில் பூச்சிமருந்து பாட்டிலை வைத்திருந்தார். மூடி திறக்கவில்லை. அதைத்தான் முதலில் பார்த்தேன். தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். எனக்குக் கத்தத் தோன்றவில்லை. கத்தினால் என்ன ஆகும் என்று பயம்.

"சாப்பிடுங்க."

"பசிக்கல."

"அத இங்க குடுங்க."

கொடுத்துவிட்டார். "சும்மாதான் எடுத்து வச்சிருந்தேன்" என்றார். தூக்குவாளியைப் பார்த்துக்கொண்டே, "கொல்லையே செத்துப்போச்சு. நாம மட்டும் எதுக்கு?" என்றார்.

அந்தப் பாட்டிலை எங்கே போடுவது என்று தெரியவில்லை. அந்த மண்ணில் ஊற்ற மனம் வரவில்லை. வீட்டில் ஒளித்து வைக்கவும் பயம். முந்தானையில் சுற்றிக்கொண்டு, அவரையும் கையோடு அழைத்துக்கொண்டு மருந்து வாங்கிய உரக்கடைக்கு நடந்தேன். கடைக்காரர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னும் தேதி இருக்கேம்மா, எதுக்குக் குடுக்கறீங்க?" என்றார். "வேணாங்க. நீங்களே வச்சிக்குங்க. எங்க வூட்டுக்கு இனிமே மருந்து எதுவும் குடுக்காதீங்க." அவர் என் கணவரைப் பார்த்தார். பாட்டிலை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

மறுநாள் அரியலூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். மாத்திரை கொடுத்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இவரத் தனியா விடாதீங்க. மாத்திரைய நிறுத்திடாதீங்க. கைக்கு எதாவது வேலை இருக்கட்டும்" என்றார். வேலை என்றால் என்ன வேலை? அவருக்குத் தெரிந்த ஒரே வேலை அந்த மண்ணில்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மகளிர் குழுவை தா.பழூருக்கு ஒரு பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். என்ன பயிற்சி என்றுகூட நான் கேட்கவில்லை. அவரை விட்டுவிட்டுப் போக முடியாது என்பதால் அவரையும் கூட்டிப்போனேன். ஒரு அறை நிறையப் பெண்கள், கடைசி வரிசையில் அவர் ஒருவர் மட்டும் ஆண். என்னோடு வந்த பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவருக்கு அது உறைத்ததாகவே தெரியவில்லை.

விவசாயத் துறையிலிருந்து வந்த இளம் பெண் அதிகாரி ஒரு தட்டில் கரி கொண்டுவந்திருந்தார். "இதுக்குப் பேரு பயோசார். தமிழ்ல உயிர்க்கரின்னு சொல்லலாம். காத்து அதிகம் படாம சுட்டு எடுக்குற கரி. மண்ணுல போட்டா தண்ணியப் புடிச்சு வச்சிக்கும், உரத்தப் புடிச்சு வச்சிக்கும். எரு மாதிரி சீக்கிரம் மக்கிப் போவாது" என்றார். ஒரு கைப்பிடிக் கரியைத் துணியில் கட்டித் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். கொஞ்சம்தான் சொட்டியது. மற்றதெல்லாம் உள்ளேயே நின்றுவிட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். கணவர் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் எதையாவது பார்த்தது அன்றுதான்.

அதிகாரி செய்முறை சொன்னார். குழி வெட்ட வேண்டும், விறகு வெட்ட வேண்டும், அடுக்கடுக்காகப் போட வேண்டும், தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டும், அள்ள வேண்டும், நொறுக்க வேண்டும். நான் அதைக் கேட்டது மண்ணுக்காக இல்லை. இத்தனை வேலை இருக்கிறது, அத்தனையும் இரண்டு பேர் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை, அவர் என் கண்முன்னே இருப்பார் என்றுதான் கேட்டேன்.

ஊர் ஏரியில் வேலிக்கருவை காடாக வளர்ந்து கிடந்தது. வெட்டினால் யாரும் கேட்பதில்லை. கையெல்லாம் முள் கிழிக்க வெட்டிக் காயப்போட்டோம். பள்ளத்தின் ஓரத்தில் மேலே அகலமும் கீழே குறுகலுமாக ஒரு குழி வெட்டினோம். அந்த இறுகிய மண்ணில் அந்தக் குழியை வெட்டவே பல நாள் ஆனது. கணவர் கடப்பாரையைப் போடுவார், ஒரு சில்லு தெறிக்கும், நிறுத்துவார். "போடுங்க" என்பேன். போடுவார்.

முதல் தடவை எல்லாம் சாம்பலாகிவிட்டது. எப்போது அணைப்பது என்று தெரியாமல் நின்றுவிட்டோம். இரண்டாவது தடவையும் பாதி சாம்பல். அப்புறம் பழகிவிட்டது. அடியில் கொஞ்சம் சுள்ளி போட்டு மேலிருந்து பற்றவைக்க வேண்டும். நெருப்பு நன்றாகப் பிடித்து, விறகின் மேல் வெள்ளையாகச் சாம்பல் படரத் தொடங்கும்போது அடுத்த அடுக்கைப் போட வேண்டும். மேலே எரிகிற தீ காற்றை விழுங்கிக்கொள்ளும். கீழே இருப்பது சாம்பலாகாமல் கரியாகும். குழி நிறைந்து தீ தணியும்போது தண்ணீர். அதற்குக் கொஞ்சம் தாமதித்தாலும் உழைப்பெல்லாம் வீண். குடம் குடமாக நான் ஊற்ற, அவர் கம்பால் கிளறுவார். ஆவி முகத்தில் அடிக்கும். இருவரும் கருப்பாக, கண் மட்டும் சிவப்பாக வீட்டுக்குப் போவோம்.

பார்த்தவர்கள் சிரித்தார்கள். "நல்ல கரிய யாராச்சும் மண்ணுல போட்டுப் பொதைப்பாங்களா? இஸ்திரி கடைக்குக் குடுத்தாலும் ஆவும்" என்றார்கள். "மண்ணு போன துக்கத்துல ரெண்டு பேருக்குமே ஒரு மாதிரி ஆயிடுச்சி" என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டதாகவும் காதுக்கு வந்தது. நெருப்பின் அருகில் அவரை வைத்துக்கொண்டு நிற்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு இன்னொரு பயம் இருந்தது. அதை யாரிடம் சொல்வது? குழிக்கும் அவருக்கும் நடுவில் நான் இருக்கும்படியே எப்போதும் நின்றேன்.

அடுத்த ஆடிக்குள் கொல்லையின் ஒரு பாதிக்குப் போதுமான கரி சேர்ந்தது. நொறுக்கித் தூவி உழுதோம். மக்காச்சோளம் ஊன்றினோம். நான் பெரம்பலூர்க்காரி, எனக்குத் தெரிந்த பயிர் அது. முளைப்பு நன்றாக இருந்தது. கரி போட்ட இடத்தில் மண் பொருக்குக் கட்டவில்லை, முளை சுலபமாக மேலே வந்தது. கணவர் காலையில் எனக்கு முன்பே எழுந்து போய்ப் பார்த்தார். "மொளச்சிருக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் அடுப்படியில் நின்று அழுதேன்.

பிறகு பயிர் மஞ்சளாகத் தொடங்கியது. முதலில் அடி இலை. பிறகு அதற்கு மேல் இலை. கரி போடாத பாதியில் பயிர் நோஞ்சானாக நின்றாலும் பச்சையாவது இருந்தது. கரி போட்ட பாதியில் கணுக்கால் உயரத்தில் மஞ்சள் பூத்துப்போய் நின்றது. நாங்கள் உழைத்த இடம்தான் அதிகமாகக் கெட்டிருந்தது.

கணவர் இறங்கி ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார். நான் கையைப் பிடித்தேன்.

"வுடு. இதுவும் பொய்யி."

"கொஞ்சம் பொறுங்க. மேடத்தக் கூட்டியாந்து காட்டலாம்."

"என்னத்தக் காட்டறது? மண்ணத் தூக்கிக் குடுத்தேன். இப்ப வெதையும் போச்சு. நான் கைய வச்சதெல்லாம் இப்படித்தான்."

அன்றிரவு என் முந்தானையை அவர் மணிக்கட்டில் முடிந்துகொண்டு படுத்தேன். அவரும் மறுக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அதிகாரி வந்தார். இலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "கரிய ஊற வச்சுத்தானேம்மா போட்டீங்க?" என்றார்.

"எதுலங்க மேடம்?"

அவர் முகம் மாறியது. "கோமியத்துலயோ சாணிக் கரைசல்லயோ ஊறப் போடணும். இல்லன்னா மக்குன எருவோட கலந்து வைக்கணும். அன்னிக்கு நான் சொல்லலையா?"

"சொல்லலைங்க."

அவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "நேரமாயிடுச்சுன்னு கடைசில அவசரமா முடிச்சேன். விட்டிருப்பேன் போலிருக்கு" என்றார். பிறகு மெதுவாக விளக்கினார். வெறும் கரி பசியோடு இருக்கும். மண்ணில் இருக்கிற கொஞ்சநஞ்சத் தழைச்சத்தையும் முதலில் அதுவே இழுத்துக்கொள்ளும். செடிக்கு மிஞ்சாது. வளமான மண் என்றால் தாங்கும். எங்கள் மண்ணில் இழுக்கவும் எதுவும் இல்லை. "மன்னிச்சுக்குங்கம்மா" என்றார். என் மகள் வயதுதான் இருக்கும். அவரைத் திட்டி எனக்கு என்ன ஆகப்போகிறது?

எங்களிடம் மாடு இல்லை. மண் போன முதல் வருஷமே தீவனம் இல்லாமல் விற்றுவிட்டோம். பக்கத்தில் மாடு வைத்திருப்பவர் ஓரகத்தி ஒருவர்தான். அவர் வாசலில் போய் நின்றேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் நிமிரவில்லை.

"அக்கா, கோமியம் வேணும். சாணி கொஞ்சம். கரிக்கு."

"கரிக்கா?"

"ஊறப் போடணும்னு சொல்றாங்கக்கா. அப்பதான் பயிரு வருமாம்."

வாளியைக் கீழே வைத்தார். "என் மரம் ரெண்டும் உங்க பள்ளத்துல கெடக்குது. எடுத்துப் போடக்கூட வரல உன் புருசன். இப்ப மாட்டு மூத்திரம் கேட்டு வந்துட்டியா?"

"அவரு நெலம உங்களுக்குத் தெரியும்லக்கா. எனக்கு வேற போக்கு இல்ல."

"எனக்கு மட்டும் இருக்கா? வருசா வருசம் அந்த முந்திரி வித்துத்தான் மழக்காலத்த ஓட்டுனேன். போ. என் வாயக் கெளறாத."

உள்ளே போய்விட்டார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அது தெரிந்ததால் கோபப்படவும் வழியில்லாமல் திரும்பி வந்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. சுற்றிலும் இருந்த மேட்டுக் கொல்லைகளின் தண்ணீரெல்லாம் எங்கள் பள்ளத்துக்குத்தான் வந்தது. ஒரு பகலில் மழை கொஞ்சம் விட்டிருந்தபோது, நான் அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்க்கிறேன், கூடத்தில் அவர் இல்லை. கூப்பிட்டேன், பதில் இல்லை. வெளியே ஓடினேன். பள்ளத்தில், இடுப்பளவு தண்ணீரின் நடுவில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்று எனக்கு நினைவில்லை. சேற்றில் விழுந்திருக்கிறேன், முழங்கால் கிழிந்திருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். "வெளிய வாங்க, வெளிய வாங்க" என்று கத்திக்கொண்டே இறங்கினேன். அவர் திரும்பினார். இடுப்பு வேட்டியை அவிழ்த்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருந்தார். அது நிறையக் கரி.

"போவுதுடி" என்றார். "எல்லாம் மெதக்குது. போவுது."

அப்போதுதான் தண்ணீரைப் பார்த்தேன். மேலெல்லாம் கருப்பாகக் கரி மிதந்துகொண்டிருந்தது. நாங்கள் வெட்டி, சுட்டு, நொறுக்கி, உழுது புதைத்த கரி. தண்ணீரையும் உரத்தையும் பிடித்து வைக்கும் என்றார்கள். மண்ணே அதைப் பிடித்து வைக்கவில்லை. காற்று அதையெல்லாம் கிழக்கு மூலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தது.

அவர் சாகப் போகவில்லை. கரியை அள்ளப் போயிருக்கிறார். வீட்டுக்கு வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கொடியில் கிடந்த என் பழைய புடவையை எடுத்து வந்து ஒரு முனையை அவரிடம் கொடுத்தேன். மீன் பிடிக்கிற மாதிரி இருவரும் விரித்துப் பிடித்து அரித்தோம். மழை மறுபடியும் கொட்டியது. கரையில் கொட்டிய கரியையும் மழை திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டு போனது. அவர் கரையேற மறுத்தார். கை விறைத்து, புடவை நழுவிப் போகும்வரை அள்ளிக்கொண்டிருந்தோம். கடைசியில் இரண்டு கூடைகூடத் தேறவில்லை. கரையில் உட்கார்ந்து அவர் வாய்விட்டு அழுதார். மண் போன அன்றுகூட அவர் அழவில்லை.

தண்ணீர் வடிய நாளானது. அதுவரை நாங்கள் கொல்லைப் பக்கமே போகவில்லை. நான் அடுத்தவர் நிலத்துக்குக் களை பறிக்கப் போனேன், அவரையும் கூட்டிப்போய் வரப்பு மரத்தடியில் உட்காரவைத்தேன். தை பிறந்து சில நாள் இருக்கும். வாசலில் யாரோ கூப்பிடும் சத்தம். ஓரகத்தி நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவில்லை.

"உங்க கொல்லைய வந்து பாத்தீங்களா இல்லியா?"

"எதுக்குக்கா?"

"என் மாட்டுக் கொட்டாய்த் தண்ணி வழியிற மூலைல என்னமோ மொளச்சிக் கெடக்குது. வந்து பாரு."

போய்ப் பார்த்தோம். கொல்லை முழுக்க வெடித்துக் காய்ந்து கிடந்தது. கிழக்கு மூலையில் மட்டும், மரம் சாய்ந்து கரை உடைந்த இடத்தில், கரி பட்டையாகப் படிந்திருந்தது. உடைப்பின் வழியாக அவருடைய மாட்டுக் கொட்டகை கழுவுகிற தண்ணீர் தினமும் அங்கேதான் வந்து இறங்கியிருக்கிறது. அந்தப் பட்டையில் யாரும் விதைக்காத பூசணி படர்ந்திருந்தது. முளைக்கீரை தண்டு விரல் பருமனுக்கு இருந்தது. கொட்டகைத் தண்ணீரோடு வந்து விழுந்து முளைத்த மக்காச்சோளம் ஒன்றிரண்டு கரும்பச்சையாக நின்றன. கணவர் குனிந்து மண்ணைக் கையில் எடுத்தார். பிடித்தால் பிடிபட்டது, விட்டால் உதிர்ந்தது. மோந்து பார்த்தார்.

ஓரகத்தி மேலே வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "அண்ணி, மரத்த நான் வந்து எடுத்துப் போட்டிருக்கணும்" என்றார். "என்னால எந்திரிக்க முடியல."

ஓரகத்தி சரிந்த கரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "அந்த மரத்தையே வெட்டிக் கரியாக்குங்க. இனி அது எனக்கு எதுக்கு? கோமியம் எடுத்துக்குங்க. ஆனா கரில பாதி என் கரைக்குப் போடணும். மண்ணு சரிஞ்சிக்கிட்டே இருக்கு."

நாங்கள் சமாதானம் ஆகிவிட்டோம் என்று இதைச் சொல்ல மாட்டேன். இன்றும் அவர் எங்கள் வீட்டுக்குள் வருவதில்லை. ஆனால் மாட்டுக் கொட்டகையிலிருந்து ஒரு வாய்க்கால் வெட்டி எங்கள் கரிக்குழிக்கு விட்டோம். முந்திரி மரம் இரண்டையும் துண்டு போட்டுச் சுட்டோம். கரியைக் கோமியத்திலும் சாணிக் கரைசலிலும் ஊறவைத்து, எருவோடு கலந்து, வாரக்கணக்கில் மூடிவைத்தோம். பிறகு பாதியை அவர் கரைக்குக் கொட்டினோம். மீதியை, மிதந்து போகாதபடி ஆழச் சால்போல வெட்டிய காடிகளில் போட்டு மண்ணால் மூடினோம்.

வந்த ஆடியில் அந்தக் காடிகளில் மட்டும் மக்காச்சோளம் போட்டோம். வந்தது. என் நெஞ்சு உயரம் வந்து கதிர் விட்டது. நான் பிறந்த ஊரில் இந்தப் பயிரைப் பார்த்தால் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். எங்களுக்கு அது போதுமாக இருந்ததா என்றால், இல்லை. கொல்லையின் ஒரு ஓரத்தில் சில வரிசைகள், அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதே சரளைதான். அறுவடை அன்று கணவர் மீதி இடத்தைக் கண்ணால் அளந்துவிட்டு, "இப்படியே போட்டுட்டு வந்தா முழுசும் மாறுறதுக்கு நம்ம ஆயுசு பத்தாது" என்றார். அது கணக்காகச் சொன்னதா, பழையபடி சொன்னதா என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குத் தெரியவில்லை.

மாத்திரை இன்னும் சாப்பிடுகிறார். சில காலைகளில் எழுந்திருக்க மாட்டார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். அன்று நானும் எங்கும் போக மாட்டேன். நல்ல நாள் என்று நான் நினைக்கிற நாளிலும் மோட்டார் கொட்டகைப் பக்கம் போய் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வருவேன். பயம் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இந்த வருஷம் ஏரியைத் தூர் வாரியபோது வேலிக்கருவை மொத்தத்தையும் இயந்திரம் வைத்துப் பிடுங்கிவிட்டார்கள். ஏரிக்கு நல்லதுதான். எங்களுக்கு விறகு இல்லை. பெரம்பலூர்ப் பக்கம் என் அண்ணன் வீட்டில் மணி உதிர்த்த மக்காச்சோளச் சக்கை குவிந்து கிடக்கும், அதுவும் நல்ல கரியாகும். யாராவது போய் வண்டி பிடித்து ஏற்றி வர வேண்டும். எனக்கு அப்போது காய்ச்சல். எழுந்து நிற்க முடியவில்லை.

"நான் போயிட்டு வரேன்" என்றார் கணவர்.

மண் போன பிறகு அவர் தனியாக எங்கும் போனதில்லை. நான்தான் விட்டதில்லை. "அடுத்த வாரம் ரெண்டு பேருமா போவலாம்" என்றேன். "அடுத்த வாரம் மழ வந்துட்டா? குழி சும்மா கெடக்குது" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டார். வேண்டாம் என்று ஆயிரம் தடவை சொல்ல வாய் வந்தது. பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்துக் கொடுத்தேன். தெருமுனை திரும்பும்வரை வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மத்தியானம் மறுபடி செய்தேன். "வந்தாரு, சாப்பிட்டாரு, வண்டி பாக்கப் போயிருக்காரு" என்றார். அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை. கணவரின் போன் எப்போதும்போல் மாடத்திலேயே கிடந்தது. காய்ச்சலோடு மோட்டார் கொட்டகைக்குப் போனேன், குழிக்குப் போனேன், ரோட்டுக்குப் போனேன். அவர் இல்லாத இடங்களில் எல்லாம் அவரைத் தேடினேன். ஓரகத்தி வரப்பில் நின்று என்னவென்று கேட்டார். சொன்னேன். அவர் என்னோடு ரோட்டோரத்தில் வந்து நின்றார். மாடு கத்தியது. அவர் போகவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் ‘சின்ன யானை’ என்கிற சிறிய சரக்கு வண்டி ஒன்று வந்தது. பின்னால் மூட்டைகளின் மேல் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டி நிற்பதற்குள் இறங்கினார். என் முகத்தைப் பார்த்தாரா என்றுகூடத் தெரியவில்லை. ஒரு மூட்டையின் வாயை அவிழ்த்துக் கையை விட்டு எடுத்துக் காட்டினார்.

"பாரு, ஈரச் சக்கையா ஏத்தி வுட்டுட்டான் உங்கண்ணன். இத இப்படியே போட்டா பொகதான் வரும். காய வைக்கணும், எறக்கு."

வெளிச்சம் போவதற்குள் மூன்று பேரும் சேர்ந்து மூட்டைகளைக் களத்தில் கொட்டிப் பரப்பினோம்.